பட்டாளத்துக் கட்டடம்

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையில், பிரதான வீதியை விட்டுச் சற்று உள்ளே, லீக்ஸ் பாத்திகளுக்கு மேலே, கூரையில்லாத கட்டடம் ஒன்று நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது ஒரேயொரு வளைவில் மட்டும் அது கண்ணில் படும். எங்கள் பக்கத்தில் அதற்குப் 'பட்டாளத்துக் கட்டடம்' என்று பெயர். சிறுவயதில் நான் அடம்பிடித்தால் உம்மம்மா அந்தக் கட்டடத்தின் பெயரைச் சொல்லித்தான் பயமுறுத்துவார். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் செத்துக் கிடந்தார்கள் என்பார் ஒருவர். யுத்தக் கைதிகளைச் சங்கிலியில் கட்டி வைத்தார்கள் என்பார் இன்னொருவர். இரவில் சப்பாத்துச் சத்தம் கேட்கும் என்று சொல்லாதவர்களே இல்லை.

உயர்தர வகுப்பில் எங்கள் பிரதேசத்தின் வரலாற்றுச் சின்னம் ஒன்றைப் பற்றிச் செயற்றிட்டம் செய்ய வேண்டியிருந்தது. பெரும்பாலானோர் நானுஓயா புகையிரத நிலையத்தையே தெரிவு செய்தனர். 1885இல் திறக்கப்பட்ட நிலையம்; தகவல்களும் இலகுவாகக் கிடைக்கும். நானும் அதையே எழுத இருந்தேன். என் தோழிதான் தடுத்தாள்.

"அந்தப் பட்டாளத்துக் கட்டடத்தச் செய்வோம். எங்கட ஊட்டிலயும் ஒரு பட்டாளத்துக் கதை ஈக்கி" என்றாள்.

அவள் மலாய் இனத்தைச் சேர்ந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படிக்கிறோம். ஆனாலும் அவள் மலாய் என்பது எனக்கு நினைவுக்கு வருவது நோன்புப் பெருநாளன்று அவள் வீட்டிலிருந்து வட்டிலாப்பம் வரும்போது மட்டும்தான். ஏதாவது படிவம் நிரப்பும்போது 'இனம்' என்ற இடத்தில் நாங்கள் யோசிக்காமல் எழுதிவிட்டுப் பேனையை மூடுவோம். அவள் மட்டும் ஒரு கணம் நிற்பாள். "நீயும் எங்கட ஆள்தானே, என்ன வித்தியாசம்?" என்று நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்பாகத்தான் கேட்டேன். அந்தக் கேள்வி அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்தச் செயற்றிட்டம் முடியும்வரை எனக்குத் தெரியாது.

அவளுடைய பாட்டியை அவர்கள் 'நேனே' என்று அழைப்பார்கள். நேனேயின் தந்தையின் பாட்டனார் பதுளையில் பட்டாளத்தில் இருந்தாராம். பட்டாளம் கலைக்கப்பட்ட பிறகு குடும்பத்தோடு மலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தாராம். நேனேக்கு 84 வயது. கதையின் ஒரு பகுதி இன்றைக்கு நினைவில் இருக்கும், நாளைக்கு இராது. அந்தக் கட்டடம் அவர்களுடைய பட்டாளத்தின் கட்டடமாக இருக்கலாம் என்பதுதான் தோழியின் எண்ணம். அப்படியே இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள் என்பதே சரி.

வரலாற்று டீச்சரிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "எந்தப் பட்டாளம்? எந்த ஆண்டு?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. "முதலில் சுவரைப் பாருங்கள். பிறகு ஆட்களிடம் கேளுங்கள். முதலில் ஆட்களிடம் கேட்டால் சுவரிலும் அந்தக் கதைதான் தெரியும்" என்றார்.

போவதற்கு முன் எங்கள் மலைநாட்டில் என்னென்ன பட்டாளங்கள் இருந்தன என்று தேடினோம். முதலாவது, நுவரெலியா நகரம் உருவாகக் காரணமாக இருந்த படை. ஜோன் டேவி என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதினார். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் இதன் குளிர்ந்த காற்றைக் கருத்திற்கொண்டு, 1829இல் நோயுற்ற படைவீரர்கள் உடல் தேறுவதற்கான இடமாக இதை ஆக்கினார். கரையோரங்களில் காய்ச்சலால் துவண்டவர்கள் இங்கே அனுப்பப்பட்டார்கள். இன்று ஸ்ட்ரோபெரிப் பழத்துக்கும் ஏப்ரல் வசந்த காலத்துக்கும் பெயர்போன நகரம் படைவீரர்களின் ஆரோக்கிய நிலையமாகத்தான் தொடங்கியது.

இரண்டாவது, தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் ஆங்கிலேயர் பிடித்த கைதிகள். 1900 ஆகஸ்ட் மாதம் முதலாவது தொகுதியினர் கப்பலில் கொழும்புக்கு வந்தார்கள். மொத்தமாக ஏறக்குறைய 5000 பேர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய பிரதான முகாம் தியத்தலாவையில் இருந்தது. கொழும்பிலிருந்து தியத்தலாவைக்குச் செல்ல ஒரே புகையிரதப் பாதைதான் உண்டு; அது எங்கள் நானுஓயா வழியாகத்தான் போகிறது. நான் ரியூஷனுக்குப் போகும்போது நிற்கும் அதே மேடையைக் கடந்து, தாடி வைத்த ஆயிரக்கணக்கான போயர் விவசாயிகள் கைதிகளாகப் போயிருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனால் அவர்கள் போனது இந்த ஊரைத் தாண்டித்தான். இங்கே தங்குவதற்காக அல்ல.

மூன்றாவது, இரண்டாம் உலக யுத்த காலம். அப்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944இல் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. தியத்தலாவையிலும் முகாம்கள் இருந்தன.

இந்த மூன்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம். உம்மா இலேசில் விடவில்லை. நானா கூட வர வேண்டும், ளுஹருக்கு முன் வீடு திரும்ப வேண்டும், பாம்பு இருந்தால் உள்ளே போகக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள். இந்தக் குளிரில் பாம்பை விட அட்டைதான் அதிகம் என்று சொல்லிப் பார்த்தோம், பயன் இல்லை. நானா வந்தார். வந்து, கீழே தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டார்.

பாத்திகளின் ஓரமாக ஏறினோம். பனி விலகாத நேரம். கிட்டப் போகப் போக கட்டடம் சின்னதாகிக்கொண்டு வந்தது. பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது கோட்டை மாதிரி இருந்தது, பக்கத்தில் நின்று பார்த்தால் எங்கள் பாடசாலை மண்டபத்தில் பாதிகூட இல்லை. வாசலில் கதவு இல்லை. உள்ளே முழங்கால் உயரப் புல். சுவரெல்லாம் யாருடையவோ பெயர்கள், அம்பு துளைத்த இதயங்கள்.

தோழி ஸலாம் சொல்லிவிட்டு வலது காலை வைத்து உள்ளே போனாள். பாழ் கட்டடத்துக்கு ஸலாம் சொன்னவளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

என் வாப்பா ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். விடுமுறைகளில் நான் காசுப் பெட்டியருகில் இருந்திருக்கிறேன். அதனால் சுவரைக் கண்டதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பூச்சு உதிர்ந்த இடத்தில் தெரிந்தது கருங்கல் அல்ல, செங்கல்லும் அல்ல. நடுவில் ஓட்டை உள்ள சீமெந்துக் கல். 1829இல் கட்டியிருந்தால் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இருந்திருக்க வேண்டும். நான் உடனே சொல்லவில்லை. அளவு நாடாவைப் பிடித்து நீளம், அகலம் எடுத்தோம். தோழி எழுதினாள்.

அளந்துகொண்டு போகும்போது மேலும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, கட்டடத்தில் புகைபோக்கி இல்லை. நுவரெலியாவின் பழைய ஆங்கிலேயக் கட்டடம் எதைப் பார்த்தாலும் கூரையில் புகைபோக்கி நிற்கும். உள்ளே கணப்பு இருக்கும். நோயாளிச் சிப்பாய்களைக் குணமாக்க மலைக்குக் கொண்டுவந்தவர்கள், நெருப்பில்லாத அறையில் அவர்களைப் படுக்க வைத்திருப்பார்களா? இரண்டாவது, சுவரின் அடியில், கணுக்கால் உயரத்தில், வரிசையாகக் காற்றுத் துவாரங்கள். மனிதர் இருக்கும் அறைக்குக் காற்று மேலே இருந்து வரும். கீழே இருந்து காற்று வர வேண்டியது எதற்கு?

பதில், மண்வெட்டியோடு வந்த ஒரு பெரியவரிடமிருந்து கிடைத்தது. சத்தம் கேட்டு, யாரோ மரக்கறி திருட வந்துவிட்டார்கள் என்று பார்க்க வந்தவர். பர்தா அணிந்த இரண்டு பெண்பிள்ளைகள் அளவு நாடாவோடு நிற்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"என்னா பாப்பா, காணி அளக்க வந்தீங்களா?"

"இல்லை ஐயா, பாடசாலை வேலை. இது பட்டாளத்துக் கட்டடம்தானே?"

"பட்டாளமா!" என்று சிரித்தார். "இது கிழங்கு ஸ்டோர் பாப்பா. வெதக் கிழங்கு அடுக்குற எடம். நா சின்னப் பயலா இருக்கையில இங்க மூட்ட தூக்கியிருக்கேன். கீழ ஓட்ட இருக்குல்ல, அதுல காத்து வரணும். இல்லாட்டி கிழங்கு அழுகிப் போயிரும்."

1960களின் பின்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நுவரெலியாப் பகுதியெங்கும் கிழங்குச் செய்கை பெருகியதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்தப் பாடத்தின் ஒரு துண்டு எங்கள் முன்னால் கூரையில்லாமல் நின்றது.

"அப்படியென்றால் ஏன் ஐயா பட்டாளத்துக் கட்டடம் என்கிறார்கள்?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். பிறகு, கலவரம் நடந்த காலத்தில் ஆமிக்காரர்கள் சில வாரங்கள் இங்கே தங்கியிருந்ததாகச் சொன்னார். தோட்டத்துப் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அப்போது பெரியவர்கள் அடக்கி வைத்தார்களாம். பட்டாளம் போய்விட்டது. பெயரும் பயமும் மட்டும் தங்கிவிட்டன. அதன் மேல் யார் யாரோ வெள்ளைக்காரனையும் கைதியையும் சங்கிலியையும் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

அளவெல்லாம் எடுத்து முடிந்த பிறகும் தோழி வாசல் படியில் உட்கார்ந்தே இருந்தாள். "அப்ப எங்கட ஆக்கள்ட இடம் எங்க?" என்றாள். அது என்னிடம் கேட்ட கேள்வி அல்ல.

திங்கட்கிழமை டீச்சரிடம் கொப்பியைக் கொடுத்தோம். தோற்றுப்போன செயற்றிட்டம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவரோ அளவுகளைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, தோழி கேட்ட கேள்வியையே தலைப்பாக எடுக்கச் சொன்னார். இனி எழுதுவதெல்லாம் அடுத்த இரண்டு மாதங்களில் நாங்கள் தேடிப் படித்தவை.

நுவரெலியாவின் பழைய படை முகாமைப் பொறுத்தவரை, அதன் பெயர் இன்னும் அழியவில்லை. நகரத்துக்கு அருகே 'பரக் பிளேன்ஸ்' என்றொரு இடம் உண்டு. அங்கே உள்ள நீர்த்தேக்கத்துக்கும் அதே பெயர்தான். பரக் என்றால் படைவீரர் குடியிருப்பு. அந்தப் பெயரைத் தினமும் சொல்லும் பஸ் நடத்துனருக்கு அது தெரிந்திருக்கத் தேவையில்லை. பெயர்கள் இப்படித்தான் பிழைத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் சாவகர் இருக்கிறார்கள், கொழும்பு ஜாவத்தையில் ஜாவா இருக்கிறது.

ஜாவா என்றதும் தோழியின் கதைக்கு வந்துவிட்டோம். இலங்கை மலாய் மக்களில் பெரும்பாலோரின் முன்னோர் ஒல்லாந்தர் காலத்தில் இங்கே வந்தவர்கள். ஒல்லாந்தருக்கு இந்தோனேசியத் தீவுகளும் இலங்கையின் கரையோரமும் ஒரே நேரத்தில் சொந்தமாக இருந்தன. அங்கே தங்களை எதிர்த்த அரசர்களையும் பிரபுக்களையும் மார்க்க அறிஞர்களையும் இங்கே நாடுகடத்தினார்கள். மக்காசார் நகரின் புகழ்பெற்ற அறிஞர் ஷெய்கு யூசுப் 1684இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, பத்து ஆண்டுகள் இங்கே இருந்து நூல்கள் எழுதினார். அவரை இங்கே விட்டுவைப்பதும் ஆபத்து என்று கருதிய ஒல்லாந்தர் 1694இல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினார்கள். இவரைப் பற்றி இஸ்லாமிய நாகரிக வகுப்பில் நாங்கள் ஒரு வரிகூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

நாடுகடத்தப்பட்டவர்களோடு சிப்பாய்களும் வந்தார்கள். எண்ணிக்கையில் சிப்பாய்களே அதிகம். 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றியபோது, தங்களுக்கு எதிராகப் போரிட்ட மலாய் வீரர்களையே தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். துப்பாக்கியோடு 'கிரிஸ்' எனப்படும் வளைந்த குத்துவாளையும் இடுப்பில் வைத்திருந்தவர்கள் என்று அக்கால ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார்கள். 1827இல் படைப்பிரிவுகள் ஒன்றாக்கப்பட்டு 'சிலோன் ரைபிள் ரெஜிமென்ட்' என்ற பெயர் வந்தது. கண்டி, பதுளை, திருகோணமலை என்று பல இடங்களில் அவர்கள் காவல் செய்தார்கள். 1840களில் ஹொங்கொங் வரைக்கும் அனுப்பப்பட்டார்கள்.

இந்த இடத்தில் 1803ஆம் ஆண்டைச் சொல்லாமல் கடக்க மனம் இல்லை. அந்த ஆண்டு கண்டியைப் பிடித்த ஆங்கிலேயப் படை நோயாலும் பசியாலும் நலிந்து, ஜூன் மாதத்தில் சரணடைந்தது. அதிலிருந்த மலாய் வீரர்களைத் தன் படையில் சேரும்படி கண்டியரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கேட்டான். கண்டியரசனின் படையிலும் ஏற்கனவே மலாய் வீரர்கள் இருந்தார்கள். பலர் சேர்ந்தார்கள். கெப்டன் நூருத்தீன் என்பவர் மறுத்தார். ஒரு முறை சத்தியம் செய்துவிட்டால் அதை மாற்ற முடியாது என்பது அவர் நிலை. அவரும் அவருடைய சகோதரரும் கொல்லப்பட்டார்கள். யாருக்காகச் செத்தார் என்று யோசித்தால் மனம் குழம்புகிறது. தன் மண்ணும் அல்ல, தன் அரசனும் அல்ல, தன் மார்க்கமும் அல்ல. சேர்ந்தவர்கள் செய்ததுதான் புத்திசாலித்தனம் என்று நான் சொன்னேன். தோழி ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் வரும்வரை சண்டை பிடித்தோம்.

பட்டாளம் என்றால் ஆண்கள் மட்டும் இருக்கும் இடம் என்று நான் நினைத்திருந்தேன். மலாய்ப் படையணி அப்படியல்ல. மனைவி பிள்ளைகளும் முகாமிலேயே வாழ்ந்தார்கள். படை ஊர் மாறும்போது குடும்பங்களும் மாறின. பிள்ளைகளுக்குப் பாடசாலை இருந்தது. அதைவிட ஆச்சரியம், அந்த முகாம்களில் ஏடுகளும் இருந்தன. சிப்பாய்கள் ஓய்வு நேரத்தில் மலாய்க் கதைகளையும் பாடல்களையும் மார்க்க நூல்களையும் கையால் பிரதி செய்தார்கள். அந்த மரபில் வந்த பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் கொழும்பில் 'ஆலாமத் லங்காபுரி' என்ற பத்திரிகையை வெளியிட்டார். அரபு எழுத்தில் மலாய் மொழியில் வந்த மிக முந்திய பத்திரிகைகளில் அதுவும் ஒன்று. மலாய் நாடுகளிலிருந்து இவ்வளவு தொலைவில், இலங்கையில் அது அச்சானது!

பிறகு கோப்பித் தோட்டங்களும் பொலிஸும் சிப்பாய்ச் சம்பளத்தை விட நல்ல சம்பளம் கொடுக்கத் தொடங்கின. படையில் சேர ஆட்கள் குறைந்தார்கள். 1873இல் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. வீரர்கள் பொலிஸிலும் சிறைச்சாலையிலும் தோட்டங்களிலும் வேலை தேடிப் பிரிந்து போனார்கள். நேனே சொன்ன கதை இந்த இடத்தில் வரலாற்றோடு சரியாகப் பொருந்துகிறது.

இதையெல்லாம் ஆராய்ந்து எழுதியவர் பி. ஏ. ஹுசைன்மியா என்ற இலங்கை வரலாற்றாசிரியர். 1990இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் 'ஒராங் ரெஜிமென்'. ஒராங் என்றால் மனிதர், ரெஜிமென்டின் மனிதர்கள். அந்த மக்கள் தங்களையே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்களாம்.

அந்த ரெஜிமென்டின் அடையாளம் ஏதாவது எங்கள் பக்கத்தில் உண்டா? ஒன்று உண்டு. நுவரெலியா கொல்ப் மைதானத்தின் எல்லைக்குள் ஒரு பழைய ஆங்கிலேய மயானம் இருக்கிறது. அனுமதி பெற்று நானாவோடு போய்ப் பார்த்தோம். அங்கே மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. அவர் சிலோன் ரைபிள் ரெஜிமென்டின் அதிகாரி. பதுளையில் படைக்கும் நிர்வாகத்துக்கும் பொறுப்பாக இருந்தவர். 1400 யானைகள் வரை சுட்டுக் கொன்றவர் என்று பெயர் எடுத்தவர். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இறந்த பிறகும் மின்னல் அவர் கல்லறையை விடவில்லை, மீண்டும் மீண்டும் தாக்கியது என்று ஊரில் சொல்வார்கள். பிளவுபட்ட கல்லைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. ஆனால் பட்டாளத்துக் கட்டடத்துக்குப் பிறகு நான் எதையும் இலேசில் நம்புவதில்லை.

கல்லறை மட்டும் அல்ல. பதுளையில் உள்ள சென் மார்க் தேவாலயமும் அவர் நினைவாகவே கட்டப்பட்டது. ஓர் அதிகாரிக்கு ஒரு கல்லறை, ஒரு தேவாலயம், ஒவ்வொரு சுற்றுலா வழிகாட்டியின் வாயிலும் ஒரு கதை. அவருடைய ரெஜிமென்டில் நின்ற மலாய்ச் சிப்பாய்களுக்கு மலைநாட்டில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறதா என்று தேடினோம். நாங்கள் போன இடங்களில் ஒன்றையும் காணவில்லை. தோழி அந்தக் கல்லறைக்கு முன்னால் அதிக நேரம் நிற்கவில்லை. "யானைகள்ட பாவம்" என்று மட்டும் சொன்னாள்.

செயற்றிட்டத்தின் கடைசிப் பகுதி நேனேயின் வீட்டில் நடந்தது. ரெஜிமென்ட் பற்றிக் கேட்கத்தான் போனோம். பேச்சு மொழியைப் பற்றியே சுற்றியது. நேனே பேசும் மலாயை நான் அதுவரை கவனித்துக் கேட்டதில்லை. 'ரூமா' என்றால் வீடு. வீட்டுக்கு என்பதற்கு 'ரூமாநங்', வீட்டில் என்பதற்கு 'ரூமாக', வீட்டிலிருந்து என்பதற்கு 'ரூமாதெரிங்' என்றார். மலேசியாவில் இந்தச் சொற்கள் பெயருக்கு முன்னால் வரும், ஆங்கிலத்தில் வருவது போல. இங்கே நம்முடைய வேற்றுமை உருபு மாதிரிப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நூற்றாண்டுக் கணக்காகத் தமிழ் பேசும் முஸ்லிம்களோடு ஒரே பள்ளிவாசலில் தொழுது, பெண் எடுத்து, பெண் கொடுத்து, சந்தையில் பேரம் பேசியதில் அவர்களுடைய சொற்கள் மலாயாகவே இருக்க, வாக்கியம் தமிழின் வழிக்கு வந்துவிட்டது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். நன்னூல் படித்து வேற்றுமையில் புள்ளி வாங்கிய எனக்கு, நேனேயின் சமையலறையில் அது புதிதாக விளங்கியது. "என்ன வித்தியாசம்?" என்று நான் கேட்ட கேள்விக்கு வித்தியாசம், ஒற்றுமை இரண்டும் சேர்ந்த பதில் அது. தோழிக்கு மலாய் கேட்டால் விளங்கும், பேச வராது. அவளுடைய தம்பிக்குக் கேட்டாலும் விளங்காது.

நாங்கள் எழும்பும் நேரத்தில் நேனே அலுமாரியிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து வரச் சொன்னார். அதில் பழைய அடையாள அட்டைகளும் உடைந்த தஸ்பீஹ் மாலையும் துணியில் சுற்றிய சிறு கொப்பியும் இருந்தன. கொப்பியில் அரபு எழுத்து. ஆனால் அரபு மொழி அல்ல. மலாயை அரபு எழுத்தில் எழுதும் முறையை இங்கே 'குண்டுல்' என்பார்கள். குண்டுல் என்றால் மொட்டை. உயிர்க்குறிகள் இல்லாத எழுத்து என்று பொருள். நேனேக்குப் பார்வை மங்கிவிட்டது. வீட்டில் வேறு யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. அதனால் பல வருடங்களாக அது டின்னுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

எனக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. நேனேக்குப் பொருள் தெரியும்; எழுத்து தெரியவில்லை. நான் குர்ஆன் மத்ரஸாவில் படித்த சிறுபிள்ளை மாதிரி எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். அரபில் இல்லாத எழுத்துகள் வந்த இடத்தில், மூன்று புள்ளி உள்ளது என்று சொல்லி விட்டுவிட்டேன். ஸபர், ஸேர் எதுவும் இல்லாததால் என் வாயில் வந்தவை எந்த மொழியிலும் சேராத சத்தங்கள். நேனே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில சத்தங்களுக்குத் தலையாட்டினார். பலவற்றுக்குச் சிரித்தார்.

மூன்றாவது வரியில் ஒரு பிள்ளை பிறந்த ஹிஜ்ரி ஆண்டு இருந்தது: 1283. கணக்குப் பார்த்தால் அது 1866 அல்லது 1867. அடுத்த சொல்லைப் 'பதுளை' என்று நேனே சொன்னார். அதற்குப் பின்னால் வந்த சொல்லை நான் "ரஜமன், ரஜிமுன்" என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்.

நேனே கண்ணைத் திறந்தார். "ரெஜிமென்" என்றார்.

தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கொப்பியின் தாள் கோடு போட்டது, அதனால் பழைய கொப்பி ஒன்றைப் பார்த்துப் பிற்காலத்தில் எழுதியதாக இருக்க வேண்டும் என்று டீச்சர் பிறகு சொன்னார். செயற்றிட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறோம். அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்குத் தோன்றவில்லை. அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டது. உம்மா தேடுவார் என்று நான் கொப்பியை மூடப் போனேன். நேனே என் முழங்கையைத் தொட்டு, இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

"நாளைக்கும் வா மகள்" என்றார்.